தரையில் கிடக்கும் ஸ்பெனரும் நம் நாரியும்: பட்டறைச் சாமான்களை எந்த உயரத்தில் வைப்பது?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பிரதான வீதியில் கல்லடிப் பாலம் தாண்டியதுமே பட்டறைகள் தொடங்கிவிடும். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மருதமுனை என்று போகப் போக மோட்டார் சைக்கிள் கராஜ், வெல்டிங் கடை, தளபாடம் செய்யும் ஓடாவிமாரின் கொட்டில் என ஒன்று விட்டு ஒன்று. கைத்திறனுக்குக் குறைவே இல்லை. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ஸ்பெனரும் சுத்தியலும் கிரைண்டரும் தரையில்தான் கிடக்கின்றன. ஒரு சாக்கு விரிப்பு, ஒரு வெட்டிய எண்ணெய்க் கான், ஒரு பழைய பெயின்ட் வாளி. எல்லாச் சாமானும் அதற்குள்.

இந்த இடங்களில் வேலை செய்யும் நாற்பது வயது தாண்டியவர்களிடம் நாரி நோவு, அதாவது அடிமுதுகு வலி, பற்றிக் கேளுங்கள். பலரும் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்வார்கள்: "அன்றைக்கு அந்த எஞ்சினைத் தூக்கினேன், அதோடு பிடித்தது." எஞ்சின் பாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் எஞ்சின் தூக்குவது மாதத்தில் ஓரிரு நாள். ஸ்பெனருக்காகக் குனிவதோ நாள் முழுக்க. அந்தக் குனிவுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, கையில் வருவது வெறும் முந்நூறு கிராம் இரும்பு என்பதால். நாரியின் கணக்கு வேறு. அதை விளங்கிக்கொண்டால் எந்தச் சாமானை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை தானாகவே வந்துவிடும்.

பாரம் கையில் இல்லை, உடம்பில் இருக்கிறது

ஒரு கிலோ சுத்தியலைப் பிடியின் நுனியில் பிடித்து, கையை நேராக முன்னே நீட்டுங்கள். ஒரு நிமிடத்தில் தோள் கெஞ்சும். அதே சுத்தியலை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தால் அரை மணித்தியாலம்கூட வைத்திருக்கலாம். எடை மாறவில்லை, உடம்பிலிருந்து உள்ள தூரம்தான் மாறியது.

முதுகெலும்பின் அடிப்பகுதியிலும் இதுதான் நடக்கிறது. சிறுவர் பூங்காவில் இருக்கும் சீசோப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடு அச்சு, இடுப்புக்குச் சற்று மேலே எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தட்டு. நாம் குனியும்போது தலை, இரண்டு கை, நெஞ்சு, வயிறு எல்லாம் அந்த அச்சுக்கு முன்னே போய்விடுகின்றன. பின்பக்கத்தில் இழுத்துப் பிடிப்பது முதுகுத் தசை. அந்தத் தசை அச்சிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. முன்பக்கம் நீளம், பின்பக்கம் கட்டை. கட்டைப் பக்கத்தில் இருப்பவர் பல மடங்கு பலமாக இழுத்தால்தான் பலகை சமநிலையில் நிற்கும்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இடுப்புக்கு மேலே உள்ள உடம்பின் எடை சுமார் 36 கிலோ என்று வையுங்கள். நன்றாகக் குனியும்போது அந்த எடையின் மையம் அச்சிலிருந்து 25 சென்ரிமீற்றர் முன்னே போகிறது. 36ஐ 25ஆல் பெருக்கி, தசையின் 5 சென்ரிமீற்றரால் பிரித்தால் 180. அதாவது கையில் எதுவுமே இல்லாமல் குனிந்து நிற்பதற்கே முதுகுத் தசை 180 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். இப்போது 300 கிராம் ஸ்பெனரை எடுங்கள். கை 50 சென்ரிமீற்றர் முன்னே இருக்கிறது, அதனால் கூடுவது 3 கிலோ. மொத்தம் 183. ஸ்பெனருக்குப் பதிலாக 10 கிலோச் சாமானை எடுத்தால் 280.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துக் கிலோவைத் தூக்கும்போது நாரி படும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு ஸ்பெனரை எடுக்கும்போதே பட்டுவிடுகிறது. "சின்னச் சாமான்தானே, கீழே கிடக்கட்டும்" என்பது அதனால்தான் பிழையான கணக்கு. சின்னச் சாமானைத்தான் அடிக்கடி எடுக்கிறோம்.

உண்மையான உடம்பு இவ்வளவு நேர்கோட்டில் வேலை செய்வதில்லை. முழுதாக மடிந்து குனிந்தால் தசை ஓய்ந்துவிடும், பாரத்தைப் பின்பக்கத்து நார்கள் தாங்கிக்கொள்ளும். அந்த நிலையில் நெடுநேரம் நின்றால் நார்கள் மெல்ல மெல்ல நீண்டு தளர்ந்துவிடும், நிமிர்ந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு முதுகுக்கு உறுதி இருக்காது. சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் அல்ஃப் நாச்செம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் முதுகுத் தட்டுக்குள்ளேயே ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தார். நேரே நிற்கும்போது இருப்பதை 100 என்று எடுத்தால், முன்னே சாய்ந்து நிற்கும்போது 150, கையில் பாரத்தோடு சாயும்போது 220 என்று அவர் கண்டார். கணக்கும் அளவையும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகின்றன.

குனிவது நஞ்சு அல்ல, அதையும் சொல்ல வேண்டும். முதுகு அசைவதற்காகவே படைக்கப்பட்டது. நாரி நோவுக்கு வயது, தூக்கக் குறைவு, புகைபிடித்தல், மனக்கவலை என்று வேறு காரணங்களும் உண்டு. இவற்றையெல்லாம் பலகை அடித்துத் தீர்க்க முடியாது. ஆனால் தேவையே இல்லாத குனிவை ஒரு சில ஸ்குரூ ஆணியால் நிறுத்த முடியும் என்றால் ஏன் நிறுத்தாமல் இருக்க வேண்டும்?

செங்கல் கட்டியவர் கண்டுபிடித்தது

இந்த யோசனை மருத்துவர்களிடமிருந்து முதலில் வரவில்லை, ஒரு மேசனிடமிருந்து வந்தது. ஃபிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர் 1885ல், பதினேழு வயதில், செங்கல் கட்டும் வேலைக்குப் பழகப் போனார். சுற்றி இருந்த மேசன்மார் ஒவ்வொரு கல்லுக்கும் காலடி வரை குனிந்து நிமிர்வதைப் பார்த்தார். இரண்டு மூன்று கிலோக் கல்லை எடுப்பதற்காக மனிதன் தன் மேலுடம்பு முழுவதையும் இறக்கி ஏற்றுகிறான் என்பது அவருக்கு விளங்கியது. கல்லும் சாந்தும் எப்போதும் இடுப்பளவு உயரத்தில் இருக்கும்படி, சுவர் உயர உயரத் தானும் உயரும் ஒரு சாரக்கட்டை அவர் செய்தார். கல்லைத் தரம் பார்த்து ஒழுங்காக அடுக்கிக் கொடுக்க உதவியாளர் ஒருவரை வைத்தார். ஒரு கல் வைக்க 18 அசைவு தேவைப்பட்ட இடத்தில் 5 போதுமென்றாகியது. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 வைத்தார்.

நம் ஊர் மேசன்மாருக்கு இதில் நேரடியாக எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. சாந்துத் தாச்சியைத் தரையில் வைக்காமல், கவிழ்த்த பீப்பாயின் மேலோ நான்கு சீமெந்துக் கற்களின் மேலோ வையுங்கள். நாள் முழுக்கக் கரண்டியால் அள்ளும் வேலை அது.

உங்கள் உடம்பில் மூன்று கோடு

சரி, அப்படியென்றால் எந்த உயரம் நல்ல உயரம்? அடிக்கணக்கில் ஒரு எண்ணைச் சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் உடம்பையே அளவுகோலாக எடுங்கள். பட்டறைச் சுவரோடு நேராக நில்லுங்கள், வேலைக்குப் போடும் செருப்போடு. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பொத்திக்கொள்ளுங்கள். விரல் மொளி வரும் இடத்தில் சுவரில் ஒரு கோடு. முழங்கையை மடக்கினால் முழங்கை வரும் இடத்தில் இரண்டாவது கோடு. தோள்மட்டத்தில் மூன்றாவது. ஐந்தடி ஆறங்குல ஆளுக்கு இவை ஏறத்தாழ இரண்டடி ஐந்தங்குலம், மூன்றடி ஐந்தங்குலம், நாலரையடி உயரத்தில் விழும்.

முதல் கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவே உள்ள பட்டைதான் பட்டறையின் மிக விலை கூடிய நிலம். அங்கே இருக்கும் எதையும் குனியாமல், கையை உயர்த்தாமல் எடுக்கலாம். அந்தப் பட்டைக்குள்ளும் முழங்கைக் கோட்டை ஒட்டிய இடம் இன்னும் நல்லது. ஒவ்வொரு நாளும் தொடும் சாமான் அனைத்துக்கும் இதில் இடம் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஓரிரு தரம் தேவைப்படுபவை முழங்காலுக்கும் விரல் மொளிக் கோட்டுக்கும் நடுவே போகலாம். தோளுக்கு மேலே, பாரமில்லாத, எப்போதாவது எடுக்கும் சாமான்: தூரிகை, பேப்பர், காலியான டப்பா. பாரமானதை மேலே ஏற்றிவிட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் ஏறி எடுப்பது நாரியைக் காப்பாற்றித் தலையை உடைக்கிற வேலை. தரை யாருக்கு? சக்கரம் உள்ள சாமானுக்கும், வருடத்தில் ஒரு தரம் எடுப்பதற்கும்.

உயரம் போலத்தான் தூரமும். தட்டு ஆழமாக இருந்தால் உயரம் சரியாக இருந்தும் பயனில்லை, பின்னால் இருப்பதை எடுக்க உடம்பு முன்னே வளைந்தே தீரும். ஓரடிக்கு மேல் ஆழமான தட்டு கைச்சாமான்களுக்குத் தேவையில்லை. நம் வீடுகளில் கழித்துவிடும் பழைய அலுமாரிகள் பட்டறைக்கு வந்து சேர்வது வழக்கம். அவற்றின் ஆழம் இரண்டடி. பின்பாதியில் பலகை ஒன்றை அடித்து அடைத்துவிட்டு முன்பாதியை மட்டும் பாவிப்பது நல்லது.

குனிவதோடு உடம்பைத் திருப்பவும் செய்தால் இன்னும் மோசம். பக்கவாட்டில் தரையில் இருக்கும் பெட்டியிலிருந்து, காலை நகர்த்தாமல், இடுப்பைத் திருகிக்கொண்டு எடுப்பது முதுகுத் தட்டுக்குப் பிடிக்காத இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வது. சாமான் பலகை வேலை செய்யும் வாங்குக்கு நேர் முன்னே சுவரில் இருந்தால் திருகவே வேண்டியதில்லை. முன்னே இடமில்லை என்றால் அதை நன்றாகப் பின்னுக்கு, இரண்டு எட்டு நடந்து எடுக்கும் தூரத்தில் வையுங்கள். நடக்க வேண்டி வந்தால் உடம்பு முழுதாகத் திரும்பும். கைக்கெட்டியும் எட்டாத தூரம்தான் ஆளைத் திருகவைக்கும்.

ஸ்பெனர் பலகை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பக்கத்துக் கராஜ் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஆவணி, புரட்டாதியில் பெரும்போக உழவுக்கு முன் லேண்ட்மாஸ்டர் என்னும் கை உழவு மெஷின்கள் வரிசையாக வந்து நிற்கும் காலம். மெக்கானிக் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி, "மனே, பதினாலு ஸ்பெனர எடு" என்கிறார். பழகும் பிள்ளை வாளிக்கு முன் குனிகிறான். உள்ளே எல்லாம் கிறீஸ் பூசிய ஒரே நிறம். பன்னிரண்டு வருகிறது, பதினேழு வருகிறது, பதினாலு அடியில் கிடக்கிறது. அவன் குனிந்தபடியே கிளறுகிறான்.

இங்கேதான் நான் மிகவும் கவலைப்படும் விடயம் இருக்கிறது. குனிந்து எடுப்பது ஒரு நொடி. குனிந்து தேடுவது அரை நிமிடம். நாரிக்குக் கூடாதது இந்த இரண்டாவது. ஆகவே சாமானை மேலே ஏற்றினால் மட்டும் போதாது, பார்த்த உடனே தெரியும்படியும் வைக்க வேண்டும். வாளியைத் தூக்கி மேசையில் வைத்தால் பாதிப் பிரச்சினைதான் தீரும்.

தச்சு வேலை தெரிந்தவர்கள் சுலபமாகச் செய்யக்கூடிய முறை ஒன்று இருக்கிறது. பிரெஞ்ச் கிளீட் என்பார்கள். நான்கங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பில் ஒரு பலகையை எடுத்து, நீளவாக்கில் நடுவே 45 பாகைச் சரிவில் அறுங்கள். இரண்டு பட்டி கிடைக்கும். ஒன்றைச் சரிந்த விளிம்பு மேலே வரும்படி, சரிவு சுவரை நோக்கி இறங்கும்படி சுவரில் பூட்டுங்கள். இப்போது பட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வாய் உண்டாகும். மற்றப் பட்டியைத் தலைகீழாக, சாமான் மாட்டும் பலகையின் பின்பக்கத்தில் பூட்டுங்கள். பலகையைத் தூக்கி வாய்க்குள் இறக்கினால் அதுவாகவே கவ்விக்கொள்ளும். ஆணி இல்லை, பூட்டு இல்லை. பாரம் கூடக் கூட சுவரோடு இன்னும் இறுகும். விரல் மொளிக் கோட்டிலிருந்து தோள் கோடு வரை எட்டங்குலத்துக்கு ஒரு பட்டி அடித்துவிட்டால், ஸ்பெனர் பலகை, உளித் தட்டு, ட்ரில் மெஷின் வைக்கும் பெட்டி எதையும் நினைத்த உயரத்துக்கு மாற்றலாம். ஓடாவி ஐந்தடி பத்தங்குலம், பழகும் பிள்ளை ஐந்தடி என்றால் இருவரும் எடுக்கும் சாமானை இருவரின் பட்டைகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் வைக்கலாம். மாட்டிப் பார்த்து, சரிவராவிட்டால் ஒரு படி இறக்கலாம். இந்த வசதிக்காகத்தான் நிலையான தட்டைவிட இதை நான் விரும்புகிறேன்.

புளொக்கல் சுவர் என்றால் ட்ரில் போட்டு பிளாஸ்டிக் பிளக் இறக்கித்தான் ஸ்குரூவை முறுக்க வேண்டும். வெறும் ஆணி கொஞ்ச நாளில் கழன்றுவிடும். தகரக் கொட்டிலாக இருந்தால் தகரத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள். இரண்டு தூண்களுக்குக் குறுக்கே பலகையை அடித்து அதில் பட்டிகளைப் பூட்டுங்கள். கறையான் ஏறும் இடமென்றால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே விரல் அகல இடைவெளி விடுங்கள், மண்கோடு ஏறுவது கண்ணில் படும்.

ஸ்பெனரை மாட்டியதும், அதைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு வரைந்து உள்ளே அளவை எழுதிவிடுங்கள். 10, 12, 14, 17, 19. இடம் வெறுமையாக இருந்தால் எது இல்லை என்று வாசலிலிருந்தே தெரியும். பின்னேரம் பட்டறை பூட்டும்போது யாரும் தேட வேண்டியதில்லை.

நட்டு, போல்ட், ஸ்குரூ ஆணிகளுக்கு ஜாம் போத்தல்களைப் போல நல்லது வேறில்லை. போத்தலின் மூடியை மட்டும் ஒரு தட்டின் அடிப்பக்கத்தில் இரண்டு ஸ்குருவால் பூட்டுங்கள். போத்தலைக் கீழிருந்து திருகினால் தொங்கும். உள்ளே இருப்பது கண்ணாடியூடாகத் தெரியும். தட்டு உங்கள் தோள்மட்டத்தை ஒட்டி இருந்தால் போத்தல்கள் நெஞ்சுக்கு நேரே வரும். கொஞ்சம் பாரமான பெரிய போல்ட்டுகளுக்கு ஐந்து லீற்றர் ஒயில் கானின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி, பின்பக்கத்தில் கிளீட் பட்டியைப் பூட்டி மாட்டலாம்.

கீழே விழும் நட்டுக்கு? பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தைக் கழற்றி, ஒரு கம்பின் நுனியில் இறுகக் கட்டிச் சுவரில் சாத்தி வையுங்கள். வெல்டிங் கடைகளில் இது ஒரு நாளைக்கு எத்தனை குனிவை மிச்சம் பிடிக்கும் என்பதை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கனமான சாமான்

தூக்கும் பாரத்துக்கு அளவு சொல்லும் சூத்திரம் ஒன்றை அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனம் 1991ல் திருத்தியமைத்தது. அதன்படி எல்லாம் வாய்ப்பாக இருந்தால், அதாவது பாரம் உடம்போடு ஒட்டி, 75 சென்ரிமீற்றர் உயரத்தில், நல்ல பிடியோடு, திரும்பாமல், எப்போதாவது தூக்குவதாக இருந்தால், 23 கிலோ வரை பரவாயில்லை. அதே பாரம் தரையில், காலிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளிக் கிடந்து, அதை மேசை உயரத்துக்குத் தூக்குவதென்றால் கணக்கு 8 கிலோவுக்குக் கீழே வந்துவிடுகிறது. ஆளும் அதே, பாரமும் அதே. வைத்த இடம் மட்டும் மாறியதால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

75 சென்ரிமீற்றர் என்பது கிட்டத்தட்ட நம் விரல் மொளிக் கோடு. ஆகவே பாரமான கைச்சாமான்கள், பெரிய கிரைண்டர், வட்டவாள் மெஷின், எஞ்சின் பாகங்கள் எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டிய உறுதியான தட்டில், விளிம்புக்குக் கிட்ட இருக்க வேண்டும். அந்தத் தட்டும் வேலை செய்யும் வாங்கும் ஒரே உயரத்தில் இருந்தால் தூக்கவே வேண்டாம், இழுத்துக்கொண்டு வரலாம். வெல்டிங் பிளான்ட், கம்பிரசர் போன்றவற்றுக்குச் சக்கரம் பூட்டுங்கள். வெல்டிங் பிளான்டின் வயரையும், வெல்டிங் கம்பியைப் பிடிக்கும் ஹோல்டரையும் இடுப்பளவுக் கொளுக்கியில் சுற்றி மாட்டுங்கள். மெஷினை யாரும் தினமும் தூக்குவதில்லை, தரையிலிருந்து எடுப்பது ஹோல்டரைத்தான்.

50 கிலோச் சீமெந்துப் பை அந்தச் சூத்திரத்தின் உச்ச அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதைத் தனியாள் தரையிலிருந்து தூக்கும் முறை என்று ஒன்றுமில்லை. இரண்டு பேர், அல்லது தள்ளுவண்டி. ஹாட்வெயார் கடைகளில் பைகளை மரத்தட்டின் மேல் அடுக்கியிருப்பார்கள். தள்ளுவண்டியை அடுக்கோடு ஒட்டி நிறுத்தி மேல்வரிசையிலிருந்து உருட்டி இறக்குங்கள்.

நீளமான மரங்கள், ஜி.ஐ. குழாய்கள் எல்லாம் சுவரில் நீட்டிய கைகளின் மேல் இடுப்பளவில் படுத்திருக்கட்டும். ஒட்டுப்பலகைகளை விளிம்பில் நிறுத்தி, சற்று உயர்ந்த பீடத்தில் சாத்தினால் தூக்காமல் வழுக்கி எடுக்கலாம்.

வேலை செய்யும் மேசையின் உயரத்தையும் இதோடு பாருங்கள். சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் வாய் முழங்கைக் கோட்டில் வர வேண்டும், அரம் போடுபவர்களின் பழைய அளவு அது. சீவுளி தள்ளும் வாங்கு அதைவிடத் தாழ, விரல் மொளிக் கோட்டை ஒட்டி இருந்தால்தான் உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் தள்ளலாம். ஒரே மேசையில் இரண்டு வேலையையும் செய்பவர்கள் தாழ்ந்த வாங்கின் மேல் உயரமான வைஸைப் பூட்டிக்கொள்ளலாம்.

குந்தியிருந்து வேலை செய்பவர்கள்

மேலே சொன்னது நின்று வேலை செய்பவர்களுக்கு. நம் ஊரில் மோட்டார் சைக்கிள் வேலை, மரத்தில் கொத்து வேலை, வலை பின்னல், எஞ்சின் பிரிப்பது எல்லாம் குந்தியிருந்தோ சின்ன முக்காலியில் இருந்தோ நடக்கும். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்து குந்திப் பழகிய உடம்பு அது. நாரிக்குக் கேடு வருவது குந்துவதால் அல்ல. எழும்பி, முழங்காலை மடக்காமல் இடுப்பால் வளைந்து, பக்கத்தில் கிடப்பதை எடுத்து, திரும்பக் குந்துவதால்.

உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மூன்று கோடுகளும் உட்கார்ந்திருக்கும் நிலையில் எடுக்கப்பட வேண்டும். முக்காலியில் இருந்தபடி முழங்கை எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் சாமான் தட்டு. சீமெந்துக் கல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒன்றேகால் அடிக்கு மேல் வரும், அதன்மேல் ஒரு தட்டை வைத்தால் பலருக்குச் சரியாக இருக்கும். இன்னும் நல்லது, நான்கு சிறு சக்கரத்தில் உருளும் தட்டு. அன்றைய வேலைக்குத் தேவையான ஏழெட்டுச் சாமானை மட்டும் சுவர்ப் பலகையிலிருந்து எடுத்து அதில் போட்டுக்கொண்டு போய் இருங்கள். மோட்டார் சைக்கிளை ஒன்றரை அடி உயர மேடையில் ஏற்றி வேலை செய்ய முடிந்தால் அதைவிட வேறென்ன வேண்டும். பலகையும் இரும்புச் சட்டமும் போதும், அதை வெல்டிங் கடைக்காரர் ஒரு நாளில் அடித்துத் தருவார்.

தரையிலிருந்து எடுத்தே ஆக வேண்டிய நேரமும் வரும். அப்போது ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றுங்கள், அல்லது ஒரு கையை வாங்கிலோ தொடையிலோ ஊன்றிக்கொண்டு மற்றக் கையால் எடுங்கள். ஊன்றிய கை மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். காலையில் எழும்பிய முதல் மணித்தியாலத்தில் இன்னும் கவனம் தேவை. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகுத் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும், காலையில் நாம் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு உயரமாக இருப்பதும் அதனால்தான். பருத்த தட்டு குனியும்போது கூடுதலாக அழுத்தப்படும். கடை திறந்த உடனே பாரச் சாமானை வெளியே இழுத்துப் போடும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் சில்லறை வேலையைப் பார்த்துவிட்டு அதற்குப் போகலாம்.

ஏற்கனவே நோவு இருப்பவர்களுக்கு ஒன்று. சாதாரண நாரிப் பிடிப்புக்கு நாள் கணக்காகப் படுத்திருப்பது நல்லதல்ல, மெதுவாக நடமாடுவதே நல்லது. ஆனால் நோவு முழங்காலுக்குக் கீழே இறங்கி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காமல் வைத்தியரிடம் போங்கள். உட்காரும் பக்கம் மரத்து, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால் அன்றைக்கே, அந்த மணித்தியாலமே, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். அது தாமதிக்கக்கூடாத நிலை.

மாரிக்கு முன்

நம் பகுதியில் சாமானைத் தரையிலிருந்து தூக்குவதற்கு நாரியைவிட்டால் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை அடிக்கும் வடகீழ்ப் பருவ மழை. வாவிக்கரையிலும் படுவான்கரையிலும் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு வெள்ளம் புதிதல்ல, 2011 ஜனவரியில் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடற்கரைப் பக்கம் வெள்ளம் வராத இடத்திலும் உப்புக் காற்று ஈரத் தரையோடு சேர்ந்து அரத்தையும் உளியையும் ஒரு மாரியில் தின்றுவிடும்.

ஆனால் மழை தொடங்கியதும் அவசரத்தில் எல்லாவற்றையும் கொண்டுபோய் அட்டாளையில் ஏற்றுகிறோம். பாரமான மெஷினைத் தலைக்கு மேலே தூக்கும்போது முதுகு பின்னே வளைகிறது, தோள் பிய்கிறது. பெரிய மழை நேரத்தில் நாரி பிடித்துக்கொள்பவர்களில் பலர் இப்படித் தூக்கியவர்கள்தான். சுவரில் முந்திய வெள்ளம் வந்த உயரம் கறையாகத் தெரியும், இல்லாவிட்டால் அயலில் வயதானவர்களிடம் கேட்டால் கையைக் காட்டிச் சொல்வார்கள். அந்த உயரத்தில் நான்காவது கோடு ஒன்றைப் போடுங்கள். மின்சாரச் சாமானின் தட்டு வருடம் முழுக்க அதற்கு மேலேயே, ஆனால் நெஞ்சுக்குக் கீழே இருக்கட்டும். பெரும்பாலான இடங்களில் விரல் மொளிக் கோட்டுக்குச் சற்று மேலே வைத்தாலே இரண்டும் சரிவந்துவிடும். அதைவிட உயரமாகத் தண்ணீர் வரும் இடமென்றால் பாரமானதை ஏற்ற ஒரு கப்பியும் கயிறும் கூரை வளையில் தொங்கட்டும், புரட்டாதியிலேயே மாட்டி வைத்துவிடுங்கள். தை பிறந்து நிலம் காய்ந்ததும் ஏற்றியதை அதே கப்பியால் பழைய தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். இறக்காமல் விட்டால் அடுத்த மாரி வரை ஒவ்வொரு நாளும் தலைக்கு மேலிருந்துதான் எடுக்க வேண்டிவரும்.